பாத்ஸ் ஆஃப் குளோரி: தரையைப் பார்த்து ஒரு போர்ப் படம், அடிக்கடி கேட்ட கேள்விகள்

பாண்டிச்சேரி குருசுக்குப்பத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழெட்டு பேர் சேர்ந்து ஒரு படத்தை நிறுத்தி நிறுத்தி சீன் சீனா பார்ப்போம். இந்த தடவை அஞ்சு ஞாயிறு ஒரே படத்துலயே உட்கார்ந்துட்டோம். பாதியில வந்தவங்க, வர முடியாதவங்க, கடலூர் முதுநகர்ல இருந்து பஸ் ஏறி வந்து கடைசி வாரம் மட்டும் பார்த்தவங்க எல்லாரும் அதே கேள்விங்களைத்தான் திரும்ப திரும்ப கேட்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். கதையோட முடிவு வரைக்கும் எழுதியிருக்கேன். அது முன்னாடியே தெரிய வேணாம்னு நினைச்சா 88 நிமிஷம் ஒதுக்கி படத்தை பார்த்துட்டு வாங்க.

என்ன படம், கதை என்ன?

1957ல ஸ்டான்லி குப்ரிக் எடுத்த பாத்ஸ் ஆஃப் குளோரி. கறுப்பு வெள்ளை. ஷூட்டிங் நடந்தப்போ அந்த மனுஷனுக்கு வயசு 28தான். கதை நடக்குறது 1916ல, முதல் உலகப்போர்ல, பிரெஞ்சு ராணுவத்துக்குள்ள. ஜெர்மன்காரங்க கையில ஒரு மேடு இருக்கு, படத்துல அதுக்கு எறும்புப் புத்துன்னு பேரு, அதை பிடிக்கவே முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். பதவி உயர்வு ஆசையில ஜெனரல் மிரோ, கர்னல் டாக்ஸோட ஆளுங்களை அதை பிடிக்க அனுப்புறாரு. தாக்குதல் தோத்துப்போகுது. உடனே கோழைங்கன்னு சொல்லி கம்பெனிங்கற படைப்பிரிவுக்கு ஒருத்தர்னு மூணு பேரை பொறுக்கியெடுத்து, கோர்ட் மார்ஷல்ங்கற ராணுவ விசாரணை வச்சு சுட்டுக் கொல்றாங்க. டாக்ஸா நடிச்சது கிர்க் டக்ளஸ். போருக்கு முன்னாடி அவர் வக்கீல், அதனால அந்த மூணு பேருக்கும் அவரே வாதாடுறாரு. சுட்டு முடிச்ச பிறகும் படம் கொஞ்ச நேரம் ஓடுது, அந்த கொஞ்ச நேரத்தைப் பத்தி கடைசியில சொல்றேன்.

எவ்வளவோ போர்ப் படம் இருக்கு, பாண்டிச்சேரியில உட்கார்ந்துகிட்டு இதை எதுக்கு எடுத்தீங்க?

பாண்டிச்சேரியில இருக்கறதாலதான். பீச் ரோட்டுல காந்தி சிலைக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தூண்களோட ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கே, 1938ல திறந்தது, அது இதே போருக்குப் போய் செத்த பிரெஞ்சிந்திய ஆளுங்களுக்குத்தான். தினம் சாயங்காலம் அதைத் தாண்டித்தான் நடக்குறோம், சுண்டல் வாங்குறோம், பிரெஞ்சு தேசிய தினம் ஜூலை 14 ஆனா லைட் போட்டு மலர்வளையம் வைக்கிறதை வேடிக்கை பார்க்குறோம், ஆனா உள்ள வெட்டியிருக்கற 1914, 1918ங்கற வருஷத்தை நின்னு படிச்சவங்க எங்க கூட்டத்துல மூணு பேருதான். அதுக்கப்புறமும் நம்ம ஊர்ல இருந்து தலைமுறை தலைமுறையா பிரெஞ்சு பட்டாளத்துக்கு போயிருக்காங்க, இந்தோசீனா, அதாவது வியட்நாம் பக்கம், போயிருக்காங்க. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரை இங்க சொல்தான்னு சொல்வோம், சொல்தா வீடுன்னு சொன்னா இந்த ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. எங்க அம்மா வழி தாத்தாவும் சொல்தாதான். அப்படிப்பட்ட ஊர்ல, அந்த பட்டாளத்துக்குள்ள யார் உத்தரவு போட்டாங்க, யார் செத்தாங்கன்னு பேசுற படத்தை நாம பார்க்கலைன்னா வேற யார் பார்ப்பாங்க?

சீன் சீனா பார்க்குறதுன்னா எப்படி? சும்மா பாஸ் பண்ணி பேசுறதா?

இல்லைங்க. முதல்ல ஒரு தடவை நிறுத்தாம முழுசா. அப்புறம் ஒவ்வொரு சீனையும் சத்தத்தை அடைச்சுட்டு ஒரு தடவை. அப்புறம் திரையை மூடிட்டு சத்தத்தை மட்டும் ஒரு தடவை, இதை நிறைய பேர் செய்யறதே இல்ல, ஆனா இந்தப் படத்துல பாதி விஷயம் காதுலதான் இருக்கு. அரண்மனைக்குள்ள பேசுற குரல் எதிரொலிக்கும், பங்கருக்குள்ள பேசுற குரல் செவுத்துல ஒட்டிக்கிட்ட மாதிரி கம்மியா கேட்கும். இவ்வளவும் ஆன பிறகுதான் பேச்சு. பேசும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு, நடிகர் மனசுல என்ன நினைச்சாருன்னு ஆரம்பிக்கக்கூடாது, திரையில என்ன தெரியுதுன்னு ஆரம்பிக்கணும்.

எல்லாத்துக்கும் தரையைப் பாருங்க தரையைப் பாருங்கன்னு சொல்றீங்களே, அது என்ன?

அதை நான் கண்டுபிடிக்கல. எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருக்காரு, தொண்ணூறு தாண்டிட்டாரு, இந்தோசீனாவுல இருந்து திரும்பி வந்தவர். ஜூலை 14க்கு மட்டும் பெட்டியில இருந்து கோட்டை எடுப்பாரு, அந்துருண்டை வாசம் தெருமுனை வரைக்கும் வரும், மெடலையெல்லாம் வேட்டி முனையால தேய்ச்சு தேய்ச்சு குத்திக்குவாரு. ரெண்டாவது வாரம் அவரை கை பிடிச்சு மாடிக்கு ஏத்தி நாற்காலி போட்டு உட்கார வச்சோம். ஜெனரல் மிரோ டிரெஞ்சுக்குள்ள, அதாவது சிப்பாய்ங்க பதுங்கி நிக்கற நீளப் பள்ளத்துக்குள்ள, நடந்து வர்ற சீன். எல்லாரும் அந்த ஆளோட மூஞ்சியையும் கன்னத்து தழும்பையும் பேசிக்கிட்டு இருக்கோம், தாத்தா மட்டும் "அந்த ஆளு கோட்டைப் பாருடா, ஒரு பொட்டு சேறு இருக்கா? கீழ நிக்கறவனைப் பாரு" அப்படின்னாரு. அவ்வளவுதான், படம் பூரா திறந்துக்கிச்சு. யார் எந்த தரையில நிக்கறாங்க, யார் எங்க இருந்து எங்க இறங்கி வராங்க, யார் இறங்கி வரவே இல்ல, இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு முதல் சீன்ல இருந்து கடைசி சீன் வரைக்கும் போகலாம்.

முதல் சீன்ல ரெண்டு ஜெனரல் சும்மா பேசிக்கிட்டே இருக்காங்களே, அதுல என்ன இருக்கு?

எனக்கு அந்த சீன் மேல ஒரு பைத்தியமே உண்டு. மியூனிக் பக்கத்துல ஷ்லைஸ்ஹைம்னு ஒரு நிஜ அரண்மனையில எடுத்தது, தங்க முலாம், பெரிய ஓவியம், வழுவழுன்னு தரை. மேல்அதிகாரி புரூலார் வராரு, நாளை மறுநாளுக்குள்ள எறும்புப் புத்தை பிடிக்கணும்னு சொல்றாரு. மிரோ முடியாதுங்கறாரு. புரூலார் சண்டை போடல, கத்தல, கையைக் கோத்துக்கிட்டு அறையை சுத்தி நடக்க வைக்கிறாரு, நடந்துக்கிட்டே உனக்கு ஒரு பதவி வரப்போகுதுன்னு காதுல போடுறாரு. மிரோவும் 8,000 பேர் உயிருக்கு நான் பொறுப்பு, ஒரு சிப்பாய் உயிருக்கு முன்னாடி மெடலும் நட்சத்திரமும் எனக்கு எம்மாத்திரம்னு நெஞ்சைத் தொட்டு பேசுறாரு. அப்புறம் இன்னும் ரெண்டு சுத்து. சுத்தி முடிக்கும்போது முடியாதது முடியும்னு ஆயிடுது.

சத்தத்தை அடைச்சுட்டு பாருங்க, ரெண்டு பேர் நடனம் ஆடுற மாதிரியே இருக்கும், கேமராவும் கூடவே மேசை நாற்காலிக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகும். படத்துல பின்னாடி இதே அரண்மனையில நிஜமாவே ஒரு நடன விருந்து வருது, சுடுறதுக்கு முந்தின ராத்திரி. அதனால முதல் சீன்லயே நடனம் ஆரம்பிச்சாச்சுன்னு வச்சுக்கலாம். தரை வழுவழுன்னு இருந்தாத்தானே இப்படி வழுக்கிக்கிட்டு போக முடியும்.

டிரெஞ்ச் நடை ரெண்டு தடவை வருதே, ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல, அங்கதான் குப்ரிக்கோட கை தெரியுது. மிரோ நடக்கும்போது கேமரா அவருக்கு முன்னாடி பின்வாங்கிக்கிட்டே போகுது, நாம அவர் மூஞ்சியை மட்டும்தான் பார்க்குறோம். அவர் என்ன பார்க்குறாருன்னு படம் நமக்கு காட்டவே இல்ல, ஏன்னா அவர் எதையும் பார்க்கல. நிக்கற சிப்பாய்ங்க கிட்ட எல்லாம் ஒரே கேள்வி, இன்னும் ஜெர்மன்காரனை கொல்ல ரெடியா? ஒருத்தன் மனசு உடைஞ்சு போய் பதில் சொல்ல முடியாம முழிக்கிறான், குண்டு சத்தத்துல வர்ற அதிர்ச்சின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்லி கன்னத்துல அறையுறாரு.

அடுத்து தாக்குதலுக்கு முன்னாடி டாக்ஸ் அதே பள்ளத்துல நடக்குறாரு. இப்போ கேமரா அவர் மூஞ்சியையும் காட்டுது, திரும்பி அவர் கண்ணாவும் முன்னாடி போகுது, ரெண்டு பக்கமும் செவுத்துல ஒட்டி நிக்கற ஆளுங்க முகத்தை ஒவ்வொண்ணா நாம பார்க்குறோம். பேச்சு கிடையாது, குண்டு விழற சத்தம் மட்டும். இந்த ரெண்டு நடையையும் அடுத்தடுத்து போட்டுக் காட்டினா காலேஜ் படிக்கிற பசங்களுக்கு கேமரான்னா என்னன்னு தனியா பாடம் எடுக்க வேண்டியதில்ல.

அந்த சதவீத கணக்கு சீனை ஏன் ஒரு வாரம் பூரா பேசினீங்க?

நல்ல கேள்வி, அந்த வாரம் நீங்க வந்திருக்கணும். மிரோ டாக்ஸோட பங்கருக்கு வந்து தாக்குதலுக்கு எத்தனை பேர் சாவாங்கன்னு கணக்கு சொல்றாரு. நம்ம பீரங்கி குண்டு தவறி விழுந்து 5 சதவீதம், நடுவுல இருக்கற வெட்டவெளியைத் தாண்டுறதுல இன்னொரு 10, முள்கம்பியைத் தாண்டுறதுல இன்னொரு 20. மீதி 65, கஷ்டமான பகுதி முடிஞ்சுதுங்கறாரு. மேட்டை பிடிக்கறதுல இன்னொரு 25ன்னு வச்சுக்கோ, அப்பவும் அதை காப்பாத்த தேவைக்கு மேலயே ஆள் இருக்கும்னு முடிக்கிறாரு.

எங்க கூட வர்ற ஒரு டீச்சர் அக்கா உடனே பேப்பரை எடுத்து போட்டுப் பார்த்தாங்க. 65ல 25 போனா 40. அப்புறம் அவங்கதான் பிடிச்சாங்க, 65ஐ வாயைத் திறந்து சொன்ன மனுஷன் 40ஐ சொல்லவே இல்ல. திரும்ப ஓட்டிப் பார்த்தோம், நிஜமாவே சொல்லல. கணக்கு தன் பக்கம் இருக்கற வரைக்கும் எண், அதுக்கு மேல தேவைக்கு மேல ஆள்னு வார்த்தை. பாதிக்கு மேல செத்துப்போவாங்கன்னு சொல்றீங்களான்னு டாக்ஸ்தான் கழிச்சு சொல்ல வேண்டியிருக்கு. இது ஒரு வசனம்தான், பின்னணி இசை இல்ல, யாரும் கத்தல, எனக்கு படத்துலயே பயங்கரமான இடம் இதுதான்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த முதல் 5 சதவீதத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, நம்ம பீரங்கியே நம்ம ஆளை கொல்றது. தாக்குதல்ல ஒரு கம்பெனி பள்ளத்தை விட்டு ஏற முடியாம நின்னதும் மிரோ என்ன செய்யறாரு? அந்தப் பள்ளத்து மேலயே குண்டு போடுன்னு தன்னோட பீரங்கிப்படைக்கு உத்தரவு போடுறாரு. எழுத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்தாத்தான் சுடுவேன்னு அந்த பீரங்கி கேப்டன் மறுக்கிறாரு, போன்லதான் பேச்சு, அவருக்கு பெரிய ரோல் கிடையாது, ஆனா அந்த ஒரு காகிதம் கேட்டதுலதான் நூத்துக்கணக்கான உயிர் தப்பிச்சது.

தாக்குதல் சீனை எப்படி எடுத்தாங்க?

ஒரு விவசாயி கிட்ட வயலை வாடகைக்கு எடுத்து குழி பறிச்சு தண்ணி விட்டு எடுத்தாங்க, சிப்பாய்ங்களா வந்தவங்கள்ல பெரும்பாலும் ஜெர்மன் போலீஸ்காரங்க. வயலை அஞ்சு பகுதியா பிரிச்சு யார் எந்தப் பகுதியில விழணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்களாம். கேமரா பக்கவாட்டுல கூடவே நகர்ந்துக்கிட்டே இருக்கும், டாக்ஸ் வாயில விசில், இசை ஒரு சொட்டு கிடையாது. திரையை மூடி சத்தத்தை மட்டும் கேட்டப்போ அந்த விசில் எப்போ கேட்காம போகுதுன்னு தேட ஆரம்பிச்சு எல்லாருக்கும் கை சில்லிட்டுப் போச்சு. கவனிச்சீங்களா, இவ்வளவு நேரம் சுடுறாங்களே, ஒரு ஜெர்மன்காரன் கூட கண்ணுல படல. குண்டு மட்டும் வருது. மிரோ பின்னாடி பத்திரமான இடத்துல பைனாகுலர்ல பார்த்துக்கிட்டு இருக்காரு, தூரத்துல இருந்து.

ராத்திரி ரோந்து சீன் தேவையா? கதையை விட்டு விலகுற மாதிரி இருக்கே?

தேவைதான். ரோஜேன்னு ஒரு லெப்டினன்ட் குடிச்சுட்டு, பயத்துல, தன்னோட ஆளையே கையெறி குண்டு போட்டு கொன்னுட்டு ஓடி வந்துடுறான். அதைப் பார்த்தவன் கார்ப்பரல் பாரிஸ். சுடுறதுக்கு ஆள் பொறுக்கச் சொன்னதும் ரோஜே யாரை கொடுப்பான்? பின்னாடி சுடுற குழுவுக்கு தலைமை ஏத்து நிக்க வேண்டிய வேலையை டாக்ஸ் அந்த ரோஜே கையிலயே கொடுக்குறாரு.

கோர்ட் சீன்ல கட்டம் போட்ட தரை சதுரங்கப் பலகைதானே?

ஆமா, அதை எல்லாரும் பிடிச்சுடுறீங்க, சந்தோஷம். அதே அரண்மனை, பெரிய மண்டபம், கறுப்பும் வெளுப்புமா கல் தரை. அதுக்கு மேல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அந்த மூணு பேர்ல ஆர்னோங்கறவன் ரெண்டு தடவை வீரத்துக்கு பாராட்டு வாங்கினவன், சீட்டு குலுக்கி எடுத்ததுல பேரு வந்துடுச்சு, அந்தப் பாராட்டைப் பத்தி பேசவே கோர்ட்டு விடல. குற்றப்பத்திரிகையை முழுசா படிக்கல, நடந்ததை எழுதிக்கக்கூட ஆள் இல்ல. ரெண்டாவது, தீர்ப்பு. டாக்ஸ் பேசி முடிச்சதும் கோர்ட்டு கலையுதுன்னு சொல்றாங்க, அடுத்த ஷாட்ல சுடுறவங்களுக்கு எப்படி நிக்கணும்னு பாடம் நடக்குது. தீர்ப்பு வாசிக்கறதை நாம கேட்கவே இல்ல. முதல் நாள் எங்க பாதி பேர் நடுவுல ஏதோ கட் ஆயிடுச்சு, டவுன்லோட் சரியில்லன்னு சொன்னாங்க, நான் முதல் தடவை பார்த்தப்பவும் அப்படித்தான் நினைச்சேன்.

டாக்ஸ் எதையும் ஜெயிக்கலையே, அப்புறம் என்ன ஹீரோ?

இந்த கேள்வியை கேட்டவர் ரத்னா தியேட்டர்ல விசிலடிச்சு வளர்ந்தவர், நானும் அங்கதான் வளர்ந்தேன், அதனால கோபம் புரியுது. நம்ம படத்துல கோர்ட்ல ஹீரோ ஒரு மூச்சு வசனம் பேசினா ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டுவாரு. இங்க டாக்ஸ் அதைவிட நல்லா பேசுறாரு, ஒரு மயிரிழை கூட எதுவும் நகரல. மிரோ சொந்த ஆளுங்களை சுடச் சொன்னதுக்கு சாட்சி எழுதி வாங்கி நடன விருந்துக்கே போய் புரூலார் கையில கொடுக்குறாரு. அதை வச்சு புரூலார் மூணு பேரை காப்பாத்தல, மிரோவை கழட்டி விட்டுட்டு அந்த நாற்காலியை டாக்ஸுக்கு நீட்டுறாரு. நீ இதுக்குத்தானே இவ்வளவும் செஞ்சேன்னு நிஜமாவே நம்புறாரு. நியாயத்துக்காக ஒருத்தன் அலைவான்னு அந்த மனுஷனோட புத்திக்கு எட்டவே இல்ல. டாக்ஸ் அந்த இடத்துல வெடிக்கிறாரு, அதுக்கப்புறம் தன்னோட ஆளுங்க இருக்கற இடத்துக்கே திரும்பிப் போறாரு. எனக்கு அது போதும்.

நிஜமா நடந்ததா? பிரான்ஸ்ல தடை பண்ணாங்களாமே?

ஹம்ஃப்ரி காப் 1935ல எழுதின நாவல்தான் மூலம். அதுக்கு பின்னாடி நிஜச் சம்பவம் இருக்கு. 1915 மார்ச்ல பிரான்ஸ்ல சுவெயின்ங்கற இடத்துல, தாக்கப் போகலைன்னு நாலு கார்ப்பரல்களை சுட்டுக் கொன்னாங்க. அதுல தியோஃபில் மோப்பாஸ்னு ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவி பிளான்ஷ் மோப்பாஸ் விடாம அலைஞ்சு, மத்தவங்களும் சேர்ந்து போராடி, 1934ல அந்த நாலு பேரும் குற்றமில்லாதவங்கன்னு தீர்ப்பு வாங்கினாங்க. பத்தொன்பது வருஷம். அந்தப் போர்ல இப்படி சொந்த ராணுவமே சுட்ட பிரெஞ்சு சிப்பாய்ங்க அறுநூறு பேருக்கு மேல.

தடைன்னு அரசாங்கம் அங்க உத்தரவு போட்டு நிறுத்தல. எதிர்ப்பு பலமா இருந்ததால பட கம்பெனியே படத்தை பிரான்ஸ்ல சென்சாருக்கு அனுப்பல, 1975 வரைக்கும் அங்க தியேட்டர்ல வரல. ஸ்பெயின்ல 1986 வரைக்கும் வரல.

பசங்களுக்கு காட்டலாமா?

பத்தாவது தாண்டினவங்களுக்கு காட்டலாம், பெரியவங்க யாராவது பக்கத்துல இருங்க. ரத்தம் அதிகமில்ல. ஆனா மண்டை உடைஞ்சு மயக்கமா கிடக்குற ஆர்னோவை ஸ்ட்ரெச்சரோட கட்டி நிறுத்தி, சுடும்போது முழிச்சிருக்கணும்னு கன்னத்தைக் கிள்ளுவாங்க. அதுக்கு பெரியவங்களே எழுந்து தண்ணி குடிக்கப் போனாங்க.

கடைசியில ஒரு பொண்ணு பாடுறாளே, சம்பந்தமே இல்லாம எதுக்கு?

படத்துல நாம பார்க்குற ஒரே ஜெர்மன் ஆள் அவதான். பிடிச்சுக்கிட்டு வந்த பொண்ணை ஒரு சாராயக்கடை மேடையில ஏத்தி விடுறாங்க, டாக்ஸோட ஆளுங்க அசிங்கமா கத்துறாங்க, விசிலடிக்கிறாங்க. அவ அழுதுக்கிட்டே ஒரு பழைய ஜெர்மன் நாட்டுப்பாட்டை பாடுறா. தூரதேசம் போன குதிரைவீரன் திரும்பி வரும்போது அவன் காதலி நோயில கிடந்து அவன் கையிலயே சாகுற பாட்டு. இத்தனை நேரம் எல்லாரும் பிரெஞ்சுக்காரங்களா இங்கிலீஷ் பேசிக்கிட்டு இருந்தாங்க, இப்போதான் முதல் தடவையா புரியாத ஒரு பாஷை வருது, சப்டைட்டிலும் கிடையாது. எங்க மாடியில பிரெஞ்சு தெரிஞ்சவங்க நாலு பேர், ஜெர்மன் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல, ஆக அந்த கடையில உட்கார்ந்திருக்கற சிப்பாய்ங்க நிலைமைதான் எங்களுக்கும். கத்தல் அடங்குது, ஒருத்தன் ராகத்தை முனகுறான், அப்புறம் இன்னொருத்தன். வார்த்தை தெரியாததால முனகத்தான் முடியும். கேமரா ஒவ்வொரு முகமா நிக்குது, கண்ணு கலங்கியிருக்கு. பாடின கிறிஸ்டியானைத்தான் பின்னாடி குப்ரிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.

சொல்தா தாத்தா கடைசி வாரம் வந்தாரா, என்ன சொன்னாரு?

வந்தாரு. பாட்டுக்கு அழுவாருன்னு நினைச்சோம், அழல. அதுக்கு அப்புறம் வர்ற இடத்தை மட்டும் திரும்ப போடச் சொன்னாரு. கடைக்கு வெளிய டாக்ஸ் நிக்கறாரு, உடனே போர்முனைக்கு திரும்பணும்னு உத்தரவு வந்திருக்குன்னு சார்ஜண்ட் வந்து சொல்றாரு. இன்னும் கொஞ்ச நேரம் கொடு அவங்களுக்குன்னு டாக்ஸ் சொல்றாரு, அவ்வளவுதான் வசனம். மூணு தடவை போட்டோம். "எங்களுக்கும் ஒருத்தன் குடுத்தான்டா" அப்படின்னாரு தாத்தா. லாரி ஏத்த ஆரம்பிச்ச நேரத்துல ஊர்ல இருந்து கடுதாசி மூட்டை வந்துச்சாம், சார்ஜண்ட் கடிகாரத்தைப் பார்த்துட்டு படிச்சு முடிச்சுட்டு ஏறுங்கன்னு திரும்பி நின்னுக்கிட்டாராம். தாத்தாவுக்கு அப்போ படிக்கத் தெரியாது. பக்கத்துல இருந்த காரைக்கால் பையன் தன்னோட கடுதாசியை சட்டைக்குள்ள சொருகிட்டு தாத்தாவோடதை முதல்ல படிச்சுக் காட்டினானாம், மாடு கன்னு போட்டுடுச்சுன்னு எழுதியிருந்துச்சாம்.